காருக்குள் ஒரு கேஸ் பலூன்

கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேஸ் பலூன் கட்டியிருக்கிறது. கார் சட்டென்று வேகமெடுத்தால் பலூன் எந்தப் பக்கம் சாயும்? முகநூல் இயற்பியல் குழுவில் வந்த கேள்வி இது. “முன்பக்கம்” என்று எழுதினேன். கனமான காற்று பின்னால் ஒதுங்கி, லேசான பலூனை முன்னே தள்ளும் என்று விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவர், “அடிப்படையே தெரியல உங்களுக்கு. உங்க ஊரு செஞ்சிக்கே வரேன், காட்டுங்க” என்று சவால் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு காரில் வந்தே விட்டார். கோட்டை வாசலில் பலூன் வாங்கி, முன்சீட்டுகளுக்கு நடுவே கட்டினோம். நானும் என் கணவரும் பின்னால் உட்கார்ந்தோம். காலியான ரோட்டில் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். எங்கள் முதுகு சீட்டில் ஒட்டியது. பலூனோ முன்கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது.

“இன்னாங்க, முன்னாடி பூடுச்சு!” என்று அவர் மனைவி கைதட்டினார்.

திண்டிவனத்துக்காரரை மடக்க நறுக்கென்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவர் காரை ஓரங்கட்டித் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “இன்னொரு வாட்டி பாத்துடலாமா மேடம்? வீடியோ எடுங்க” என்றார். அந்த வீடியோவை அவரே குழுவில் போட்டு, “நான் சொன்னது தப்பு, மேடம் சொன்னதுதான் சரி” என்று எழுதினார்.

என் பதிலில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இன்றும் விவாதம் என்றால் விட்டுக்கொடுக்காமல்தான் பேசுகிறேன். ஆனால் என்றாவது தோற்றால், அவரைப் போல் சந்தோஷமாகத் தோற்க வேண்டும் என்று ஆசை.