காருக்குள்ளிருந்து பள்ளியை எடைபோட்டவள்

எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் கணவர் அதைப் பழக்கம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், வியாதி என்பார். அந்த வியாதிக்காகத்தான் ஒரு தொழிற்சாலை எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார். ஈப்போவுக்கு வெளியே உள்ள கையுறைத் தொழிற்சாலையில் நான் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெட்டியிலிருந்து சில கையுறைகளை உருவித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவேன். ஒழுகினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மொத்தப் பெட்டியையும் ஓரங்கட்டுவேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தார்கள். நான் கையுறையைக் குறை சொல்லிப் பிழைக்கிறேன்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு பள்ளிக்கூடத்தின் தரத்தைச் சோதிக்கச் சொன்னால் என்ன ஆகும்? என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கப்போகும் நேரம். இப்போது ஆறாம் ஆண்டில் அரசாங்கச் சோதனை கிடையாது. வீடு எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் கல்வி இலாகாவே இடம் கொடுத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னாலேயே இருக்கும் பள்ளி. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மேட்டில் கட்டியது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். செய்தி வந்ததும் மகள் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவளுடைய கூட்டாளிகள் எல்லாருக்கும் அதே பள்ளிதான். அதைவிட முக்கியம், அங்கே கால அட்டவணையிலேயே தமிழ்ப் பாடம் இருந்தது. என் மகளுக்குத் தமிழில் எழுதுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். கூட்டாளிகளோடு நடந்து போக வேண்டும், தமிழ் படிக்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

எனக்கும் முதலில் சந்தோஷம்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்வரை.

கோயிலில் பிரசாதம் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளி, எந்த டியூஷன், எந்த டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. என் கையில் சுண்டலை வைத்துக்கொண்டே, "மகளுக்கு எங்க கெடச்சிச்சு?" என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஸ்கூலா...?"

அந்த இழுப்பிலேயே பாதித் தீர்ப்பு வந்துவிட்டது. "ஏன்கா? நல்லா இல்லையா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமில்ல. அங்க நம்ம பிள்ளைங்க நெறய லா."

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் பெற்றதும் நம்ம பிள்ளை, நான் பெற்றதும் நம்ம பிள்ளை, சுண்டலுக்கு வரிசையில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள் அத்தனையும் நம்ம பிள்ளைகள். ஆனாலும் பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் அந்த வாக்கியத்துக்கு எங்களுக்குள் ஒரே அர்த்தம்தான். அடிதடி, கும்பல், மோட்டார், போலீஸ். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். 'தமிழ்ப்பள்ளிக்கே அனுப்புவோம்' என்று காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த எனக்கும் தெரியும். ஆறு வருஷம் நம்ம பிள்ளைகளோடு மட்டுமே படித்தால் பெருமை. ஏழாவது வருஷம் அதே பிள்ளைகளோடு படித்தால் ஆபத்து. இதில் என்ன நியாயம் என்று அன்றைக்கு நான் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "நானே அங்கதானே படிச்சேன்," என்றார்.

"அதாங்க நானும் சொல்றேன்," என்றேன்.

மனுஷன் அடுத்த முள்ளைத் தேடத் தொடங்கினார். எனக்கு ஒரு வாதத்தில் ஜெயித்த திருப்தி.

இருந்தாலும் நான் நியாயக்காரி அல்லவா? ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் தள்ளமாட்டேன், நேரில் சோதித்துத்தான் தள்ளுவேன். வேலை நேரம் மாறியிருந்த அந்த வாரம், பள்ளி விடும் வேளையில் வாசலுக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்தேன். மகள் பின்சீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், நான் எண்ணத் தொடங்கினேன். அதோ ஒன்று. அதோ இரண்டு. அங்கே கும்பலாக ஐந்தாறு. தலைக்கவசம் இல்லாமல் மோட்டாரில் ஒன்று. ரோட்டை அடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தபடி வந்த பெண்பிள்ளைகளை எண்ணும்போது, "பொம்பளப் பிள்ளைங்க சிரிக்கிற சிரிப்பா இது?" என்று சத்தமாகவே சொன்னேன்.

"மா, அது பக்கத்து ரோட்டு அக்கா," என்று மகள் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். அந்தப் பெண்ணும் உற்சாகமாகக் கையாட்டியது. நான் கண்ணாடியை ஏற்றினேன். எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுநாளும் போக வேண்டியதாயிற்று.

மறுநாள் பள்ளி வாசலில் காவல் நிற்கும் ஜாகா வந்து கார்க் கதவைத் தட்டினார். நம்ம ஆள்தான். மரியாதையாகத்தான் கேட்டார். "அக்கா, நேத்தும் வந்தீங்க, இன்னிக்கும் நிக்கிறீங்க. புள்ள புடிக்கிற ஆளோன்னு டீச்சருங்க பயப்படுறாங்க. யாரப் பாக்கணும்?"

எனக்கு மானமே போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இல்லண்ணே, அவசரமா தண்டாஸ் போவணும்."

அந்த நல்ல மனுஷன் என்னை உள்ளே அழைத்துப் போய்ப் பெண்பிள்ளைகளின் கழிப்பறையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு பள்ளியின் லட்சணம் அதன் கழிப்பறையில் தெரியும் என்பது என் கட்சி. ஆகவே, இதுவும் நல்லதுக்குத்தான் என்று முழுச் சோதனையும் போட்டேன். தரை காய்ந்திருந்தது. சோப்பு இருந்தது. கதவுகளில் தாழ்ப்பாள்கூட இருந்தது. இந்த நாட்டில் அரசாங்கப் பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? 'இன்றைக்கு யாரோ அதிகாரி வருகிறார் போலிருக்கிறது, அதனால்தான் கழுவி வைத்திருக்கிறார்கள்.'

அடுத்தது டவுனில் உள்ள பெயர்போன பள்ளி. உயரமான பழைய கட்டடம், வெள்ளைத் தூண்கள், வாசலில் வரிசையாகக் கார்கள். அங்கேயும் எண்ணினேன். நம்ம பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தார்கள். ஒருவரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கழிப்பறையா? ஐயோ, அந்த மாதிரி இடத்தில் போய் யாராவது கழிப்பறையைப் பார்ப்பார்களா! எந்த ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோதனையே இல்லாமல் முத்திரை குத்தினேன். என் தொழிற்சாலையில் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேல்முறையீடு செய்தேன். எங்கள் ஊரில் 'ரயுவான் போடுவது' என்போம். கல்வி இலாகாவுக்கு நடையாய் நடந்தேன். காரணம் கேட்டபோது 'சூழல்' என்று சொன்னேன். என்ன சூழல் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை, பிழைத்தேன். இடம் கிடைத்தது. கோயிலில் எல்லாருக்கும் கேட்கும்படி அக்காவிடம் சொன்னேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "கெட்டிக்காரி," என்றார்.

மகள் மட்டும், "அங்க தமிழ் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கும். அவ்ளோ பெரிய ஸ்கூல்ல இருக்காதா?" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்கப் போனாள்.

படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதலாண்டுக்கு, பதிவு நாள். பெற்றோர்களை மண்டபத்தில் உட்காரவைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் பட்டுப்போன்ற புடவையில் ஒரு அம்மா, நம்ம ஆள். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கழுத்தைத் திருப்பி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண்கள் வரிசை வரிசையாக நகர்ந்து, என் மகள்மேல் ஒரு கணம் நின்று, அடுத்த வரிசைக்குப் போயின.

"எங்க... முன்ன மாதிரி இல்ல. இங்கயும் இப்ப நம்ம ஆளுங்க ஏறிட்டாங்க. சின்னவளுக்கு வேற எங்கயாச்சும்தான் பாக்கணும்," என்றார் போனில்.

மகள் என் காதருகே வந்தாள். "மா, அந்த ஆண்ட்டி என்னையும் எண்ணிட்டாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கோபம் வந்தால் நான் நானாக இருக்கமாட்டேன். எழுந்து அந்த அம்மாவின் தோளைத் தட்டினேன். திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்றார் சிரித்த முகமாக. என்ன சொல்லித் திட்டுவது? வாய்வரை வந்த ஒவ்வொரு வார்த்தையையும் முதலில் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில், "ஒண்ணுமில்லக்கா, இங்க தமிழ் கிளாஸ் எப்பன்னு கேக்கத்தான்," என்றேன்.

"தமிழா? இங்க ஏது? கிளாஸ் தொறக்கிற அளவுக்கு நம்ம பிள்ளைங்க பத்தாதே," என்றார் அவர்.

போன மூச்சில் கூட்டம் அதிகம், இந்த மூச்சில் ஆள் பற்றாக்குறை. நானும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மகளின் பக்கம் திரும்பவில்லை. சேர்த்துவிட்டு வந்தேன்.

பள்ளி மோசமில்லை. நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் கதை அளந்துகொண்டே இருந்த பிள்ளை, "ஓகே மா," என்ற ஒரு வார்த்தையோடு அறைக்குள் போகத் தொடங்கினாள். வளர்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழ்தான் உறுத்தியது. விசாரித்தபோது, தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஓர் இடத்தில் நடக்கிறது என்றார்கள். எங்கே என்று கேட்டேன். எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளியில்.

ஆக, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்து, வாரத்தில் ஐந்து நாள் டவுனுக்கு நெரிசலில் காரோட்டி, ஆறாம் நாள் அதே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கணவர் இந்த முறை மீன் முள்ளைத் தேடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

போன சனிக்கிழமை வகுப்பு விட்டதும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஐந்தாறு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ரோடே அதிரச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஆகப் பெரிய சத்தம் யாருடையது என்று பார்த்தேன். என் மகளுடையது. டவுன் பள்ளி வாசலில் அவளை நான் ஒருநாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

என் காரை ஒட்டி இன்னொரு கார் நின்றிருந்தது. உள்ளே ஓர் இளம்பெண், வாசலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள். "அக்கா, இந்த ஸ்கூல் எப்படிக்கா? மகளுக்குப் பாக்கணும்."

"ரொம்ப நல்ல ஸ்கூல்மா," என்றேன். மனதாரச் சொன்னேன். "தண்டாஸ்கூட சுத்தமா இருக்கு. டீச்சருங்க சனிக்கிழமையும் வந்து சொல்லிக் குடுக்கிறாங்க. யார் என்ன சொன்னாலும் கேக்காத, கண்ண மூடிக்கிட்டுச் சேத்துரு."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப உங்க மகளும் இங்கதானே படிக்குது?"

"இல்லம்மா. டவுன்ல," என்றேன்.

"ஓ," என்றாள். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். "சரிக்கா, தேங்க்யூ." கண்ணாடி ஏறியது. கார் கிளம்பிப் போய்விட்டது.

மகள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "அந்த ஆண்ட்டியும் ரயுவான் போட்டுருவாங்க மா," என்றாள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்தச் சின்னப் பெண்ணின் பள்ளியையும் சேர்த்து நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையாக வந்தது. சாவியைத் திருப்பாமல் அவள் பக்கம் திரும்பினேன்.

"திங்கக்கெழம லீவு போடுறேன். உன்ன இங்க மாத்தித் தரச் சொல்லிக் கேக்கப் போறேன்," என்றேன்.

"நெசமாவா மா?"

"நெசமாத்தான்டி."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். டவுன் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.