துலக்கிய பாத்திரங்களுக்கு வந்த வரி

என் சாமான்கள் எல்லாம் பழசு. பார்க்கிறவர்களுக்குப் புதுசாகத் தெரிந்தன. அதனால்தான் எனக்கு அந்த ஆபத்து வந்தது. நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கின மட்டும் எழுதுகிறேன்.

நான் புளத்கொகுபிட்டியப் பக்கம் நம் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் இருந்த முத்தாயி. ரப்பர் பால் வெட்டினேன். நாலாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது கோத்தகிரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். நம் தோட்டத்து அம்மன் செய்த உதவியைக் கோயில் மலருக்கு எழுதி அனுப்பும்படி கோயில் தலைவர் கடிதம் போட்டிருந்தார். நாலு பேர் முன்னால் எழுந்து சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. எழுத்து என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1996 தை மாதம் என் வீட்டுக்காரர் காலமானார். எங்களுக்கு ஒரே மகள், செல்வி. அவள் கலியாணம் கட்டி முன்னமே இந்தியாவுக்குப் போய்விட்டாள். என்னிடமும் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. இங்கேயே வந்துவிடுங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். சரி என்றேன். சரி என்ற பிறகுதான் பயம் வந்தது. மருமகன் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவதா? அவர்கள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடவைக்கிற பாரமாகப் போய் நிற்பதா? என் கலியாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரங்கள் என்னிடம் இருந்தன. அண்டா, தவலை, தாம்பாளம், குத்துவிளக்கு, சொம்புகள். அவற்றை மகள் கையில் கொடுத்தால் அந்த வீட்டில் நானும் தலை நிமிர்ந்து இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு இருந்த சொத்து அவ்வளவுதான்.

கொழும்பில் கப்பலில் சாமான் அனுப்புகிற கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி நல்ல பிள்ளை.

“பாவிச்ச வீட்டுச் சாமான்னா அங்க வரி இல்லம்மா. புதுசுன்னா வரி. ஆனா ஐம்பது வருஷத்துக்கு மேல பழசுன்னா இங்கயிருந்து கொண்டு போகவே வேற கந்தோர்ல அனுமதி எடுக்கணும்” என்றார்.

“அப்ப எம்புட்டுப் பழசா இருக்கணும் தம்பி?”

“உங்களவுக்குப் பழசா இருக்கப்படாது, என்னையவிடக் கொஞ்சம் பழசா இருக்கலாம்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாமியாரின் குடம் ஒன்று இருந்தது. அதன் வயது யாருக்கும் தெரியாது. அதை அம்மன் கோயிலுக்கே கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கலியாணத்து வயதுதான். 1954.

பாத்திரம் இன்னொரு வீட்டு வாசல் ஏறுகிறது என்றால் கரியோடு போகக் கூடாது. நம் லயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிலும் மகளைக் கட்டிக் கொடுத்த வீடு. பக்கத்து வீட்டு ராக்கம்மாதான் எனக்குத் துணை.

“யக்கா, கரிச்சட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டா சிலோன்காரின்னு சம்பந்தி வீட்டுல சிரிக்க மாட்டாங்களா? தேச்சு விடுங்க!”

கொறக்காப் புளியும் சாம்பலும் தேங்காய் மட்டையும் வைத்து மூன்று நாள் தேய்த்தோம். நகமெல்லாம் தேய்ந்துபோனது. பிறகு கேகாலையில் ஒருவரிடம் கொடுத்து உள்ளுக்கு ஈயம் பூசினோம். அவர் வெளிப்பக்கத்தையும் மெருகு போட்டுக் கொடுத்தார். மகளுக்காக ஒரு பீங்கான் தேநீர்க் கோப்பைச் செட்டும் வாங்கினேன். எல்லாவற்றையும் வைக்கோல் வைத்து மூன்று தேயிலைப் பெட்டிகளில் கட்டினோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கப்பல் போய்ச் சேரும் வரைதான்.

1997 வைகாசி மாதம். நான் பிளேனில் போய் இறங்கி, மகள் வீட்டில் இருந்தேன். சாமான் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது என்று கடுதாசி வந்தது. மருமகன் பாலுவோடு போனேன். பெரிய கொட்டகை. ஒரு மேசையில் ஒரு தாளைக் கொடுத்து இன்னொரு மேசைக்குப் போகச் சொன்னார்கள். அந்த மேசையில் முதல் மேசையைக் காட்டினார்கள். எந்தத் தாள் எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றையும் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு அதிகாரி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் உள்ளே இருந்து பொன் போல மின்னியது.

“ஏம்மா, பாத்திரக் கடை வைக்கப் போறீங்களா?”

“இல்லைங்க ஐயா, பழசுங்க.”

“இதா பழசு? என் மூஞ்சி தெரியுதே இதுல. எத்தனை வருஷப் பழசு?”

அங்கேதான் எனக்கு வாய் அடைத்தது. மிகவும் பழசு என்றால் அனுமதி கேட்பார்களோ? கொஞ்சம் பழசு என்றால் நம்புவாரோ? ஐம்பது வருடக் கணக்கு இந்த ஊருக்கும் உண்டா, கொழும்புக்கு மட்டுமா? எதுவும் தெரியவில்லை. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் நின்றதால் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. எல்லாம் புதுச் சாமான் என்று ஒரு தொகை எழுதினார். கட்டாவிட்டால் பெட்டிகள் அங்கேயே கிடந்து ஏலத்துக்குப் போகும் என்றார்.

மருமகன் என்னைத் தள்ளி அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார். “அத்தை, செல்வி தோட்டை அடகு வச்சுக் கட்டிறலாம். அழாதீங்க. இம்புட்டுப் பளபளப்பா யாரு உங்கள விளக்கச் சொன்னது?”

பாரமாக இருக்கக் கூடாது என்று கொண்டுவந்த சாமானுக்கு மகள் காதுத் தோட்டைக் கழற்றுவதா? ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். எப்போதும் பாடுகிற அம்மன் தாலாட்டு கூட நினைவுக்கு வரவில்லை. நம் அம்மனின் முகமும் வரவில்லை. “தாயே, எனக்கு வாய் குடு. ரெண்டு வார்த்தை பேசுறதுக்கு வாய் குடு” என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். வாய் வரவில்லை. அதிகாரி பெட்டியை மூடுவதற்காக அண்டாவைத் தூக்கினார். தூக்கியவர் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னமோ வெட்டியிருக்கே. கறுப்பையா கங்காணி, மேல்பிரிவு. 1954. யாரும்மா இது?”

என் கலியாணத்துக்கு வந்தவர்கள் அந்தக் கால வழக்கப்படி விளிம்பில் பேர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நாற்பது வருடக் கரி அதை மூடிவிட்டது. நான் மறந்தே போனேன்; மெருகு போட்டு வந்ததை அப்படியே வைக்கோலில் வைத்ததால் கண்ணிலும் படவில்லை.

“எங்க பெரிய கங்காணிங்க. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்புட்டா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். மாட்டு வண்டியில அண்டாவ ஏத்திக்கிட்டு வந்தாருங்க.”

பேசியது நான்தானா? மருமகனே திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி அடுத்ததை எடுத்தார். “சின்னப் பழனி, ஸ்டோர்.”

“ரப்பர் ஸ்டோர்ல வேலைங்க. எந்நேரமும் புகை நாத்தம். கலியாணத்துல என் பக்கத்துல நிக்காதன்னு எங்க வீட்டுக்காரரு வெரட்டினாரு.”

கொட்டகையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சொம்பைக் கையில் எடுத்துவிட்டு அவர் விழித்தார். “இது என்ன எழுத்து? ஜிலேபி மாதிரி இருக்கு.”

“சிங்களமுங்க. பொடிமெனிக்கேன்னு கிராமத்துப் பொண்ணு. நம்ம வாசலுக்குப் பலாக்காய் கொண்டு வரும். எனக்குச் சிநேகிதிங்க.”

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போல அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது போல நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதிப் பேர் அப்போதே உயிரோடு இல்லை.

கடைசியாகத் தாம்பாளம். “வீ. பாக்கியம், 7ஆம் லயம்.”

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. “தெரியலைங்க ஐயா” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுதினதைக் கோடு போட்டு அடித்தார். “விக்கக் கொண்டு வர்றவங்க ஊர்ச்சனத்தோட பேரையெல்லாம் வெட்டி வச்சிருக்க மாட்டாங்கம்மா. இதெல்லாம் பொழங்கின சாமான்தான். இந்தக் கோப்பைச் செட்டு மட்டும் புதுசு. அதுக்குக் கட்டிட்டுப் போங்க.”

அது புதுசுதான். கட்டினோம். மகள் தோடு அவள் காதிலேயே இருந்தது.

வாய் கொடு என்று கேட்டேன். தாய் எனக்கு வாய் மட்டும் கொடுக்கவில்லை, என் பக்கம் பேச ஒரு தோட்டத்தையே வரவைத்தாள். துலக்கினதால்தான் வரி வந்தது. துலக்கினதால்தான் பேரும் வெளியே வந்தது. துலக்கினது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்டால் சிரிக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து நான் பழைய முத்தாயி இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அந்தப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிடுகிறேன். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவை அப்பா பேராகவும் தாத்தா பேராகவும் இருக்கும். உங்களுக்கு என் நன்றி.

துன்பம் வந்து, என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறவர்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். தெரிந்த மட்டும் கேளுங்கள். மீதி அவளுக்குத் தெரியும்.

ஒரு விண்ணப்பம். வீ. பாக்கியம் யார் என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். மகள் அந்தத் தாம்பாளத்தில்தான் தினமும் பூ வைக்கிறாள். முகம் தெரியாமலே பதினோரு வருடமாக அந்தப் பேருக்கும் சேர்த்து விளக்கு ஏற்றுகிறேன்.