உட்கார்ந்திருந்த நாட்கள்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரருகே இருபத்தாறு வருடம் நின்றவர் செல்லசாமி. வேலை செய்யாமல் ஒருநாளும் பேர் வாங்கியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். உடம்பை ஒளித்துப் பேர் வாங்குகிறவன் வந்தால், “தொர வந்துட்டாரு, நாக்காலி போடுங்கப்பா” என்று சிரிக்க வைப்பார்.

பங்குனியில் ஒரு காலை, சிக்கிய கொழுந்தைத் தள்ளப்போன அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போட்டார்கள். மறுநாள் தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர், செல்லசாமி குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்தார். வீட்டில் கிடந்து பேரை இழக்க வேண்டாம், தூள் சலிக்கும் அறையில் வந்து உட்கார்ந்தால் போதும், பேர் போடுகிறேன் என்றார். செல்லசாமியின் மனைவி பூரணி கையெடுத்துக் கும்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் நிலக்ஷி போனில் சொன்னாள்: “நல்ல மனுசன். போங்கப்பா.”

இருபது நாள் உட்கார்ந்திருந்தார். கட்டை அவிழ்த்தபோது விரல்கள் மடங்கவில்லை. சில மாதம் சில்லறை வேலை கொடுத்துவிட்டு, ஆடியில், இனி உனக்கேற்ற வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

பட்டத்தோடு வீட்டுக்கு வந்த நிலக்ஷி சட்டத்தைத் தேடிப் படித்தாள். இயந்திரத்தில் அடிபட்டவர் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனால் நிர்வாகம் அதைத் தொழில் அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். அப்பாவின் விபத்தை யாரும் அறிவித்திருக்கவில்லை. காகிதத்தில் அவர் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. டீமேக்கர் இரக்கப்பட்டாரா, கணக்குப் போட்டாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. போங்கப்பா என்று தான் சொன்னது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

இருவரும் டவுனுக்குப் போனார்கள். கேட்டால் உட்கார்ந்துதான் இருந்தேன் என்று சொல்லுங்கள் என அவள் பஸ்ஸிலேயே சொல்லிவைத்தாள். அவரும் தலையாட்டினார்.

தொழில் அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் நல்லவர். பேர் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த நாட்களில் தன் ரோலர் வேலையைச் செய்யவில்லை என்று இவர் சொன்னால் விபத்தைப் பதிந்து நட்டஈட்டுக்கு வழி பார்க்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். நிலக்ஷி அதைத் தமிழில் சொன்னாள். பின்னால் இருந்த வாங்குப் பலகையில், ஓய்வுக்காலச் சேமலாப நிதி விஷயமாக வந்த அதே லயத்து அழகுமுத்து உட்கார்ந்திருந்தார். செல்லசாமி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“வேலதாங்க செஞ்சேன். சும்மா ஒக்காந்து பேரு வாங்கல.”

உத்தியோகத்தர் அவளைப் பார்த்தார். சிங்களத்தில் அவள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் அளவு சிங்களம் அப்பாவுக்கும் தெரியும். சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். அவர் இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். பதில் மாறவில்லை. எழுதி முடித்து, மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

“ஏம்பா?” என்றாள் வெளியே வந்து.

“இருவத்தாறு வருசம் நின்னவன்மா. கடைசியில ஒக்காந்தவன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

 சொன்னபடியே மொழிபெயர்த்ததில் அவரை மதித்தாளா, இரண்டாவது முறையும் தவறான பக்கம் அனுப்பிவைத்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் டிக்கெட் அவருடைய விரல்களில் நிற்காமல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.