ஆச்சி இருப்பாக

சூலக்கரை ஆபீசுகளுக்குப் போகிற ரோட்டில் என் இட்லிக் கடை இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் ஒருவர் தினமும் ஒத்தையாக வருவார். ஒல்லியான ஆள், சட்டையில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். அவருக்கு ஒரு போன் வந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரை மடியில் வைத்து, அதில் வருவதையெல்லாம் அதுக்கே கேட்கிற மாதிரி முணுமுணுவென்று வாசிப்பார். சின்னக் கடைகளுக்காக பேஸ்புக்கில் போட அதுவே விளம்பரம் எழுதிக் கொடுக்குமாம். ஏஐ என்றார். அதைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, மொதக் கடை உங்களுதுதான். இது சரியா வந்தாத்தான் மத்த கடைக்காரகளப் போய்ப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அதில் வந்ததை வாசித்தார்: “எங்கள் குடும்பத்தின் சார்பில் அன்போடு அழைக்கிறோம்.”

“எந்தக் குடும்பம்? இங்கன நான் ஒத்தையாளு. பொய் சொல்லி யாவாரம் பண்ண மாட்டேன், எடுங்க.”

எடுத்தார். அடுத்து, “ஆதரவற்ற மூதாட்டிக்குக் கைகொடுங்கள்” என்று வந்தது.

“ஏய்யா, நான் என்ன பிச்சையா கேட்டேன்?”

சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என் அடுப்பையும் என்னையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே தட்டினார்: “காலையில இட்லி சூடா இருக்கும். ஆச்சி இருப்பாக. வாங்க.”

“இது சரி” என்றேன்.

“இது நான் எழுதுனது ஆச்சி. இந்த ஏஐதான எழுதணும்? அதுக்குத்தான இம்புட்டு நாளும் உக்காந்தேன்” என்று மூடி வைத்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

தோற்றுப்போன ஆள் மாதிரிதான் எழுந்து போனார். எனக்காக ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து எழுதியது என் ஆயுசுக்கும் அது ஒன்றுதான். அது அவருக்குத் தெரியாது.