கோயிலுக்குப் போகக்கூடாத நாளில் கிடைத்த பூவாக்கு

போன ஆவணியில் என் அம்மா தவறிவிட்டார். காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது அப்பா, தங்கை நந்தினி, நான். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் கேட்கும். பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். ஆனால் வாயில் வருவது ஒரே ஒரு சொல்தான். "ஆமா." வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா.

அம்மாவை எடுத்த அன்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார்கள். அவர் ஆமா, ஆமா என்றார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். சாயங்காலம்தான் தெரிந்தது, காலையிலிருந்து அவர் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. அம்மா இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மாவுக்காகவா அப்பாவுக்காகவா என்று எனக்கே தெரியாது.

பாப்பா படித்தது பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு. அப்பாவுக்கு அப்படி ஆனபோது அவள் அந்தப் படிப்பில் பாதியில் இருந்தாள். முடித்துவிட்டு மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். அம்மா இறந்த அதே வாரத்தில் இரண்டு காலேஜில் இடம் கிடைத்தது. ஒன்று சரவணம்பட்டிப் பக்கம். தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று மங்களூர்ப் பக்கம். ஹாஸ்டலில் தங்க வேண்டும், தீபாவளி பொங்கலுக்குத்தான் வர முடியும். எதில் சேர்கிறாள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போனில் அட்மிஷன் வெப்சைட்டில் பதில் போட வேண்டும். போடாவிட்டால் இரண்டும் போய்விடும்.

இரண்டு காலேஜைப் பற்றியும் அவளுடைய சீனியர்களிடம் கேட்டோம். இரண்டும் நல்லது என்றுதான் சொன்னார்கள். சரவணம்பட்டியில் பெரும்பாலும் குழந்தைகள் வருவார்கள். காது கேட்காத குழந்தை, திக்கிப் பேசுகிற குழந்தை. கற்றுக்கொடுப்பவர்கள் பொறுமையானவர்களாம். மங்களூர்ப் பக்கத்துக் காலேஜ் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. முதல் வருடத்திலேயே பக்கவாத வார்டில் நிற்க வேண்டும். அப்பாவைப் போல வார்த்தை போனவர்கள், விழுங்க முடியாதவர்கள், அவர்கள் பக்கத்தில்தான் பாடமே.

பாப்பா, "இங்கயே சேந்துக்கறேண்ணா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது சுவரைப் பார்த்தாள்.

அவள் இங்கேயே இருந்தால் எனக்கு நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் அவள் சுவரைப் பார்த்தது என்னைத் தூங்க விடவில்லை.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் செய்ததில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தா முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை நினைத்து, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்தால் அதுதான் வாக்கு. வீடு கட்டியபோதும் கேட்டோம். பாப்பாவை இந்தப் படிப்பில் சேர்த்தபோதும் கேட்டோம். கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கிற கோயிலுக்கு அம்மாதான் முன்னால் நடப்பார்.

இப்போது எங்களுக்குத் தீட்டு. கருமாதி முடியாமல் கோயில் படி ஏறக்கூடாது. கருமாதி அடுத்த வாரம். பதில் போட வேண்டியதோ இந்த வெள்ளிக்கிழமை. பங்காளிகள் யாரையாவது அனுப்பலாம் என்றால் அவர்கள் எல்லோருக்கும் அதே தீட்டு.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அடுத்த தெருவில் இருக்கிறார். மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்து பல வருடம் ஆகிறது. அவருக்குத் தீட்டு சீக்கிரம் கழிந்துவிட்டது. அவரைப் போய்க் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, நீங்க போயி ஒரு பூக் கேட்டுட்டு வந்தர்றீங்களா?"

"இதுக்கெதுக்குடா பூவு? பக்கத்துல காலேஜு இருக்குது, புள்ள போயிட்டு வருது. பேசச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பு, அதுக்கு மேல இன்னொரு படிப்பு. உனக்கு ஆருடா சொல்லிக் குடுத்தா? இத்தன வாய் பேசறயே!"

"மாமா, வெளையாடாதீங்க."

"அங்க போனா கன்னடத்துல பேசோணும். இவளுக்கே மொதல்ல ஒருத்தரு சொல்லிக் குடுக்கோணும்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ற அக்காளும் போயிட்டா. இந்தப் புள்ளயும் போயிருச்சுன்னா, அந்த ஊட்டுக்குள்ள நான் எந்த மூஞ்சியப் பாத்துட்டு வாரது, சொல்லு."

ஆனாலும் வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனார். மத்தியானம் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது. பூசாரி முடியாது என்று சொல்லிவிட்டாராம். தாய்மாமன் வேறு குலம். எங்கள் குலத்துக்காக அவர் பூக் கேட்கக்கூடாது. இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? பூசாரியே போனை வாங்கிப் பேசினார்.

"கண்ணு, வருத்தப்படாத. கருமாதி முடிச்சுப்போட்டு வாங்க, நானே கேட்டுச் சொல்றேன்."

"நாளைக்குத்தானுங்க கடைசி நாளு."

"அதுக்கு நான் என்ன சாமி பண்ணட்டும்? ஆத்தாவுக்குத் தெரியும். அங்கிருந்தே வேண்டிக்க."

போனை வைத்துவிட்டு, சுற்றிய காயிலை இரண்டு தடவை பிரித்துச் சுற்றினேன். கேட்க வேண்டிய நேரத்தில் கதவு சாத்திக்கொண்டது. எங்களுக்கு ஒரே துணை ஆத்தாதான், அவளையும் பார்க்கக்கூடாது என்றால் நாங்கள் எங்கே போவோம்?

வெள்ளிக்கிழமை விடிந்தது. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் பக்கம் போனேன். கிழக்கே பார்த்து நின்றேன். கொடுமுடி அந்தப் பக்கம்தான். கும்பிடக்கூட பயமாக இருந்தது, தீட்டுக்காரன் கும்பிடலாமா என்று. கையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். "ஆத்தா, நான் உன்ற வாசலுக்கு வரக்கூடாது. நீ எங்க வாசலுக்கு வரலாமல்ல? எது அந்தப் புள்ளைக்கு நல்லதோ அதக் காட்டு. எனக்கு எது வசதின்னு பாக்காத." கடைசி வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது. அழுதுவிட்டேன்.

உள்ளே வந்தேன். பாப்பா அப்பாவுக்குத் தினமும் செய்கிற பயிற்சியைச் செய்துகொண்டிருந்தாள். "காப்பி வேணுங்களாப்பா?" என்று கேட்டால் அவர் ஆமா என்றுதான் சொல்வார். அதனால் அவர் வாய் சொல்வதை அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். காப்பி டம்ளரையும் இட்லித் தட்டையும் அவர் முன்னால் வைப்பாள். எது வேண்டுமோ அதை அவர் இடது கையால் தொடுவார். இதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டை வைத்துக் கேட்கிறாள். ஒன்றை எடுக்கிறார். இது பூக் கேட்கிறதுதானே!

"பாப்பா, அப்பாகிட்டப் பூக் கேப்போம்."

அவள் என்னை முறைத்தாள். "வேண்டாண்ணா. அவரே அம்மா போனதுல ஒடஞ்சு கெடக்கறாரு. இதப் போயி அவரு தலைல வெக்கறதா?"

"ஆத்தா சொல்றா பாப்பா. எனக்குத் தெரியுது."

அந்த நேரம் மாமாவும் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க மச்சா, புள்ள இங்கயே படிக்கட்டுமுங்களா?" என்றார்.

"ஆமா" என்றார் அப்பா.

"கேட்டாச்சு. முடிஞ்சுது போ!"

பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, இப்ப மாத்திக் கேளுங்க. மங்களூரு போகட்டுமான்னு கேளுங்க."

மாமா கேட்டார். "ஆமா" என்றார் அப்பா.

பாப்பா எழுந்து போய் அவளுடைய டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். இன்னொரு பக்கம் ஊருக்குப் போகிற பையை வைத்தாள். நான் அம்மா படத்துக்குப் போட்டிருந்த பூவில் கொஞ்சம் மல்லியும் ஒரு சிவப்பு ரோஜாவும் எடுத்தேன். மல்லியை டிபன் பாக்ஸ் மேலும் ரோஜாவைப் பை மேலும் வைத்தேன். அவற்றைக் காகிதத்தில் மடிக்கலாமா என்று கேட்டேன்.

"சாமிகிட்டக் கேக்கறப்பத்தாண்ணா மூடி வெக்கோணும். அப்பாகிட்டத் தொறந்து வெச்சுத்தான் கேக்கோணும்" என்றாள்.

அப்புறம் அப்பாவுக்கு எதிரே மண்டிபோட்டு, மெதுவாக, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். "அப்பா, இது பக்கத்துக் காலேஜுங்க. தெனமும் ஊட்டுக்கு வந்துருவேன். இது தூரத்துக் காலேஜுங்க. ஊட்டுல இருக்க மாட்டேன். உங்களாட்டப் பேச்சு வராதவங்களப் பாக்கறது அங்கதானுங்க நெறைய. எதுக்குங்கப்பா போகட்டும்?"

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். இடது கை எழுந்தது. ரோஜாவைத் தொட்டார்.

பாப்பா நம்பவில்லை. "வலது பக்கம் இருக்கறது சில நேரம் அவரு கண்ணுல படாதுண்ணா. அதான் இடது பக்கம் இருக்கறதத் தொட்டிருப்பாரு." இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவர் கை டிபன் பாக்ஸைத் தாண்டி, கஷ்டப்பட்டு வலது பக்கம் போனது. மறுபடியும் ரோஜா.

"செவப்புப் பூவக் கண்டா ஆருதான் எடுக்க மாட்டாங்க" என்று மாமா முனகினார். அப்படியானால் பூவையே மாற்றிப் பார்க்கலாம் என்று நான் இரண்டு பூவையும் மாற்றி வைத்தேன். ரோஜா இப்போது டிபன் பாக்ஸ் மேல். என் மனதில் ஒரு மூலை, இந்தத் தடவை அவர் ரோஜாவையே எடுத்துவிடட்டும், பாப்பா இங்கேயே இருக்கட்டும் என்று துடித்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அப்பா ரோஜாவை எடுத்தார். எனக்குப் பாரம் இறங்கியது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. அந்த ரோஜாவைக் கொண்டுபோய்ப் பை மேலே வைத்தார். பையின் வாரைப் பிடித்து இழுத்து பாப்பாவின் மடிப்பக்கம் தள்ளினார். வாய் மட்டும் "ஆமா, ஆமா" என்றது. கண்ணில் தண்ணீர் ஓடியது. டிபன் பாக்ஸை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அம்மா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "எனக்கு அதுதாண்ணா வேணும்னு இருந்துச்சு. உன்னத் தனியா விட்டுட்டுப் போறதுக்குத்தான் பயம்" என்றாள்.

எனக்கும் அதே பயம்தான். அப்பாவைப் பகலில் யார் பார்ப்பார்கள்? நான் கேட்பதற்கு முன்னாலேயே மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"காலைல நான் வந்து குந்திக்கறேன், நீ பட்டறைக்குப் போ. அவருக்குப் பேச்சு வராது, எனக்குப் பேச்சு நிக்காது. ரெண்டு பேருக்கும் பொழுது போயிரும்."

மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

மத்தியானம் பதில் போட உட்கார்ந்தால் போனில் அந்த வெப்சைட் திறக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே நிற்கிறது. நான்கு மணி தாண்டிவிட்டது. பாப்பாவுக்கு விரலெல்லாம் வேர்த்துவிட்டது. சிக்னலுக்காக வாசலுக்குப் போய்ப் பார்த்தோம், மாடிக்குப் போய்ப் பார்த்தோம். "ஆத்தா, காட்டின வழிய நீயே அடைக்காத" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திறந்தது. அழுத்தினாள். இடம் உறுதி என்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

கருமாதி முடிந்து அப்பாவை வேனில் வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பூசாரி, "பூக் கேக்கோணும்னியே கண்ணு, வெக்கட்டுமா?" என்றார். "ஆத்தாவே வந்து சொல்லிட்டுப் போயிட்டாளுங்க" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்துப் பிடித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாப்பா இப்போது மங்களூர்ப் பக்கம் படிக்கிறாள். கன்னடம் தட்டுத்தடுமாறிப் பேசுகிறாள். வார்டில் இருப்பவர்கள் அவளைத் திருத்துகிறார்களாம், அதுவே அவர்களுக்குப் பயிற்சி ஆகிறதாம். வீட்டுப் பயிற்சியை நான் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்கு ஆமாவைத் தவிர வேறு சொல் இன்னும் வரவில்லை. அதையும் மறைக்க மாட்டேன். முன்னெல்லாம் அவருக்காக நானே முடிவு செய்துவிடுவேன். இப்போது எந்தச் சட்டை என்பதைக்கூட இரண்டை வைத்துக் கேட்கிறேன், எடுக்கும் வரை காத்திருக்கிறேன். அம்மாவின் நினைப்பு வந்தால் இன்னமும் அந்தத் துவைக்கிற கல் பக்கம் போய் அழுகிறேன். ஆனால் தனியாக நிற்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

ஆத்தாவின் பிள்ளைகளே, துக்கமோ தீட்டோ உங்களை வாசலில் நிறுத்தினாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். நின்ற இடத்தில் நின்று கேளுங்கள். உங்கள் வீட்டில் பேச முடியாமல் யாராவது உட்கார்ந்திருந்தால், முதலில் போய் அவர் எதிரே உட்காருங்கள். ஆத்தா எங்களுக்கு அங்கிருந்துதான் பதில் சொன்னாள்.