பதினாறாம் தடத்தில் எரிந்த விளக்கு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பௌதிகம் படித்தவன். அதனால்தான் இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை.

குத்தாலம் பக்கம் ஒரு பெரிய அரிசி ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வெளியிலிருந்து இரண்டே ட்ரங்க் லைன், உள்ளே எட்டு அறைகளுக்கு எட்டு போன். அழைப்பு வந்தால் பலகையில் விளக்கு எரியும். நான் கயிற்றைச் செருகினால்தான் அது முதலாளிக்குப் போகும். முதலாளியின் வயல்களில் கூலித் தகராறு முற்றி, அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியிருந்த சமயம். "சங்கத்துக்காரன் எவன் கூப்பிட்டாலும் லைன் பிஸின்னு சொல்லிடுய்யா" என்பது முதலாளியின் உத்தரவு.

ஒரு நாள் காலை பக்கத்து ஊர்த் தபாலாபீஸிலிருந்து பக்கிரிசாமி கூப்பிட்டான். சங்கத்து ஆள்.

"சார், வயல்ல அடிதடியாயிடுச்சு. எங்கண்ணன் மண்டை ஒடைஞ்சு கெடக்கான். மொதலாளிகிட்ட குடுங்க சார், ஜீப்ப அனுப்புனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். சீக்கிரம் சார்."

"லைன் பிஸி. இருங்க" என்றேன்.

முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கயிற்றைச் செருக ஒரு விநாடி போதும். நான் டிபன் சாப்பிடப் போய்விட்டேன், திரும்பி வந்தபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவன் போனை வைக்கவேயில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அணைந்தது. அவன் அண்ணன் மாட்டுவண்டியிலேயே இறந்துபோனான். அப்படியொரு போனே வரவில்லை என்று போலீஸிடம் எழுதிக் கொடுத்தேன். பக்கிரிசாமியும் சில வருஷத்தில் பாம்பு கடித்துச் செத்தான்.

நான் ஓய்வு பெறும் தறுவாயில் ஆலைக்கு டிஜிட்டல் லைன் வந்தது. ஒரே லைனுக்குள் முப்பத்திரண்டு தடங்கள், முப்பதில் பேசலாம். மீதி இரண்டில் ஒன்று லைனை ஒத்திசைவாக வைக்க, இன்னொன்று பதினாறாம் தடம், அதிலும் பேச்சே போகாது. எந்த அழைப்பை எங்கே சேர்ப்பது என்கிற தகவல்தான் அதில் ஓடும் என்று இன்ஜினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம், பட்டப்பகல், பதினாறாம் தடத்தில் அழைப்பு விளக்கு எரிந்தது. எடுத்தேன். முதலில் காற்று மாதிரி ஒரு இரைச்சல்.

"சார், இருக்கேன் சார்."

அதே குரல். எனக்குக் கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உத்தரவு போட்ட முதலாளி இறந்து நாலு வருஷமாகியிருந்தது, என்னைத் தடுக்க ஒருவருமில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழக்கத்தில் என் வாய் சொன்னது:

"லைன் பிஸி. இருங்க."

இன்ஜினியர் இரண்டு முறை பலகையின் சர்க்யூட் கார்டை மாற்றிப் பார்த்தார், விளக்கு அணையவில்லை. பல்பில்தான் கோளாறு என்றார். நான் ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு வெளியேறிய அன்றும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவன் கடைசியாகச் சொன்னதை இன்ஜினியரிடம் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.

"சரிங்க சார். இப்ப அவசரம் ஒண்ணுமில்லீங்க."