தனம் தையலகம்

புதுத் துணிக் கட்டைப் பிரிக்கும்போது எழுகிற கஞ்சி வாசனையில் லேசான புளிப்பு உண்டு. மே மாத வெயில் ஏற ஏற அது தையல் மிஷின் எண்ணெயின் வாசனையோடு கலந்து எங்கள் வீட்டு முன்னறையை நிறைத்துவிடும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுதான் மணக்கும். காக்கி, கருநீலம், மெரூன், வெள்ளை என்று நான்கு நிறங்களில் கட்டுகள் சுவரோரம் என் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது கோடை விடுமுறை. எங்கள் வீட்டில் அதற்கு "யூனிபாரம் சீசன்" என்று பெயர்.

என் அம்மா தனலெட்சுமி, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இருபத்து மூன்று வயதில் ஆசிரியையாகச் சேர்ந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவள். அதற்கு நடுவே, கல்யாணச் சீராக வந்த ஒற்றைத் தையல் மிஷினில் தொடங்கி, கடைத்தெருவில் ஐந்து மிஷின்கள் ஓடுகிற ஒரு பள்ளிச் சீருடைக் கடையை உண்டாக்கினாள். அதற்கும் நடுவே என் அண்ணனையும், பதினாறு வருடம் கழித்துத் தன் நாற்பத்தொன்றாம் வயதில் என்னையும் பெற்றாள். போன வைகாசியில் இறந்தபோது அவளுக்கு எழுபத்து மூன்று வயது. இந்த மூன்று வேலைகளில் எதை முதலில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அவளைக் கேட்டிருந்தால், எதை முதலில் டெலிவரி கொடுக்க வேண்டுமோ அதை எழுது என்று சொல்லியிருப்பாள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை முன்னறையில் அளவெடுப்பு நடக்கும். சேந்தன்குடி, குளமங்கலம், மேற்பனைக்காடு என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள், எல்லோருக்கும் ஒரே கோரிக்கைதான். "டீச்சர், பெருசாவே தச்சிருங்க, மூணு வருசத்துக்குத் தாங்கணும்" என்பார்கள். "அதுக்கு அரிசிச் சாக்குல ரெண்டு ஓட்டையப் போட்டு மாட்டி விட்டுருங்களேன்" என்பாள் அம்மா. வயிற்றை எக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும் பையனிடம், "மூச்ச விடுடா, நான் தைக்கிறது ஒன் வயித்துக்கு, போட்டோவுக்கு இல்ல" என்பாள். அவன் சிரித்து வயிறு தளர்கிற நொடியில் டேப் சுற்றி முடிந்திருக்கும்.

டேப்பை எடுப்பதற்கு முன் அவள் பிள்ளையின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பாள், பிறகு மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போவதை வருடா வருடம் பார்த்த கண்கள் அவை. இந்தப் பெண் நாலு விரல் வளர்வாள், இவன் இந்த வருடம் ஒரு விரல்தான், அடுத்த வருடம் கிடுகிடுவென்று எழும்புவான் என்று அவளால் சொல்ல முடிந்தது. அதற்குத் தக்கபடி பாவாடை விளிம்பிலும் கால்சட்டை ஓரத்திலும் துணியை உள்ளே மடித்துத் தைப்பாள். அதற்கு "வளத்தி மடிப்பு" என்று பெயர். அடுத்த ஜூனில் பிரித்துவிட்டால் அதே உடுப்பு அளவெடுத்துத் தைத்ததுபோல நிற்கும். அப்பாவுக்கு இதில் எரிச்சல். "ஒரே துணிய ரெண்டு வருசம் போட வச்சுட்டா அப்புறம் நம்ம கடைக்கு எவன் வருவான், டீச்சரம்மா?" என்பார். "வளர்றது அதுக தப்பா?" என்பாள் அம்மா, பல்லில் கடித்த நூலை விடாமலே.

அவள் சொல்லும் அளவுகளை "அளவு நோட்டில்" எழுதுவது எட்டு வயதிலிருந்து என் வேலை. பெயர், ஊர், வகுப்பு, தோள், மார்பு, இடுப்பு, நீளம், மடிப்பு என்று எட்டுக் கட்டங்கள். நான் எதையும் பட்டியலாக யோசிப்பதாக இன்று என்னுடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள்; பழக்கம் அங்கே தொடங்கியது. அம்மா என்னைக் கட்டியணைத்த ஞாபகம் அதிகம் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, எட்டே காலுக்கு டவுன்பஸ் பிடித்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்பி, முகம் கழுவிய ஈரத்தோடு மிஷினில் உட்கார்கிறவளுக்கு அதற்கெல்லாம் இடம் இல்லை. சீசன் தொடக்கத்தில் முதல் ஆளாக எனக்கு அளவெடுப்பாள், அப்போது டேப்போடு சேர்ந்து அவள் கைகள் என்னைச் சுற்றி வரும். நான் வேண்டுமென்றே அசைவேன், மறுபடி ஒருமுறை அளப்பாள்.

கடைக்குத் "தனம் தையலகம்" என்று பெயர் வைத்தது அப்பா. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். ஆலங்குடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளராக இருந்தவர், அந்த வேலை போனபின் கடையில் உட்கார்ந்தார். பெயின்டரைக் கூட்டிவந்து, மஞ்சளில் சிவப்பு எழுத்தாக அம்மாவின் பெயரை எழுதச் சொல்லி, எதிர்த்த டீக்கடையில் நின்று அழகு பார்த்தவர் அவர்தான். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியை வியாபாரம் செய்யக் கூடாது என்ற விதி அப்போது இருவருக்குமே நினைவில் இல்லை, அல்லது ஊரில் யாருக்கும் நினைவில் இருக்காது என்று நினைத்தார்கள்.

எனக்குப் பத்து வயதானபோது கல்வி அலுவலகத்துக்கு ஒரு "மொட்டக் கடுதாசி" போனது. எழுதியவர் பெயர் இல்லை; பள்ளிக்கு வரும் ஆசிரியை கீரமங்கலத்தில் கடை நடத்துகிறார், கடைப் பலகையிலேயே அவர் பெயர் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததாம். ஜூன் முதல் வாரத்தில் அம்மாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்த அதிகாரி நல்லவர்தான். கடை கணவருடையது, எனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், பலகையை மாற்றிவிடுங்கள், நான் முடித்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாராம். வேலை போனால் ஓய்வூதியமும் போகும். எழுத வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. நாற்பதுக்கு மேல் உருப்படிகள் பாக்கி. உட்கார்ந்து எழுத அம்மாவுக்கு நேரமில்லை. அதனால் அவள் தைத்துக்கொண்டே சொன்னாள், நான் தரையில் அளவு நோட்டை அடியில் வைத்து முழுத்தாளில் எழுதினேன். "மேற்படி கடைக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று சொன்னபோதும் அவள் கால் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. நான் எழுதியதை வாங்கிப் படித்த அப்பா, பத்திர எழுத்தரிடம் பழகிய பழக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "எக்காலத்திலும் நானோ என் பொருட்டு எவருமோ அதில் உரிமை கோர மாட்டோம்."

"அது எதுக்குங்க? அவுக கேக்கலயே" என்றாள் அம்மா.

"அப்பத்தான் பலமா இருக்கும்" என்றார் அப்பா.

அம்மா ஒரு கணம் மிஷினை நிறுத்தினாள். பிறகு, "எழுது பாப்பா, நேரமாவுது" என்று சொல்லித் துணியைத் திருப்பிப் போட்டாள். எழுதினேன். கையெழுத்துப் போடும்போது மட்டும் எழுந்து வந்தாள், தோளில் டேப்போடு.

மறுநாள் பெயின்டர் வந்து "தனம்" என்ற எழுத்துகள்மேல் மஞ்சள் பூசி, "சிதம்பரம்" என்று அப்பாவின் பெயரை எழுதினார். நான் அழுதேன். "பேருதான, போவட்டும்" என்றாள் அம்மா. "தைக்கிற கை எங்கிட்டுப் போவும்? ரிட்டயர் ஆனதும் திருப்பி எழுதிக்குவோம்." மொட்டைக் கடிதம் எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்களில் நான்கு பேர்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது அந்தப் பட்டியலை விட்டுவிட்டேன். அவர்கள் யாரும் அம்மாவிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு வருடம் அவள் அந்தத் திருப்பி எழுதுகிற நாளுக்காகக் காத்திருந்தாள். ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்டருக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். துபாயிலிருந்து அதற்கு முந்தின வருடம் திரும்பியிருந்த அண்ணனும் அப்போது பக்கத்தில் இருந்தார். கடையை அண்ணன் பெயருக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று அப்பா சொன்னார். அவர் குரலில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஊரே ஏழு வருடம் "சிதம்பரம் கடை" என்று சொல்லச் சொல்ல அவர் அதை நம்பிவிட்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயேங்க" என்றாள் அம்மா.

அப்பா பீரோவிலிருந்து ஜெராக்ஸ் காகிதம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். "நீ எழுதிக் குடுத்ததுதான? நீயே படிச்சுப் பாரு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாணவர் கட்டுரையைப் படிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாப்பா கையெழுத்து அப்பவே நல்லாருந்துருக்கு" என்றாள்.

அந்தக் கடைசி வரி எப்படி வந்தது என்று தெரிந்த மூன்றாவது ஆள் நான். எனக்குப் பதினேழு வயது, வாய் இருந்தது. திருச்சியில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, விடுதிச் செலவு தன்னுடையது என்று அண்ணன் ஏற்றிருந்தார். நான் காகிதத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். இன்று ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வரைபடங்களின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டங்கள் உண்டு. அவை நிரம்பாமல் ஒரு திருகாணியும் வெளியே போகாது. அம்மாவுக்கு நடந்ததற்கு அப்படிக் கட்டங்கள் போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பெயர் ஒரு கட்டத்தில் வருகிறது, அண்ணனின் பெயர் ஒன்றில். என் பெயர் இரண்டில் வருகிறது, எழுதியவளாக ஒன்றிலும் தரையைப் பார்த்து ஒப்புக்கொண்டவளாக இன்னொன்றிலும்.

அதன்பிறகும் அம்மா கடைக்குப் போனாள். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து அளவெடுத்தாள், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். அப்பா இறந்த அடுத்த வருடம் அண்ணன் மிஷின்களை விற்றுவிட்டு, திருப்பூரிலிருந்து தைத்து வரும் உடுப்புகளை வாங்கி விற்கத் தொடங்கினார். வளத்தி மடிப்புக்கு அங்கே இடமில்லை. புதுப் பலகை செய்யக் கொடுத்தபோது அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள், நானும் அன்று ஊரில் இருந்தேன். "தம்பி, ஒரு ஓரமா என் பேரையும் போடுறியாப்பா?" அண்ணன் கோபப்படவில்லை. "இப்பப் போயி ஏம்மா? சனம் கொழம்பிப் போவும்" என்றார். "அதுவும் சரிதான்" என்று அவள் தட்டைக் கழுவ எழுந்து போனாள். சாகிற வரைக்கும் தெருவில் போகிற பிள்ளைகளின் பாவாடை விளிம்பைப் பார்த்து முகம் சுளிப்பாள், கணுக்காலுக்கு மேலே நாலு விரல், நாலு விரல் என்று முனகுவாள்.

அவள் இறந்தது சீசன் நேரம் என்பதால் கடை ஒரு நாள்தான் மூடியிருந்தது. அளவு நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்ப் பல வருடம் ஆகிறதாம். கடையில் இப்போது டேப் இல்லை, சுண்ணாம்புக் கட்டி இல்லை, கஞ்சி வாசனையும் இல்லை. உடுப்புகள் பிளாஸ்டிக் உறையில் எண் ஒட்டி வருகின்றன. கருமாதி முடிந்த மறுநாள், புதுக்கோட்டை பஸ்ஸுக்காக நான் அங்கே நின்றேன். குளமங்கலத்திலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எடுத்துப்போட்ட பாவாடைகளில் ஒன்று தொளதொள என்றிருந்தது, இன்னொன்று முழங்காலைத் தாண்டவில்லை. அவள் உள்ளே எட்டிப் பார்த்து, "இங்கிட்டு ஒரு டீச்சர் இருப்பாங்களே, எனக்கெல்லாம் அவுகதான் தச்சுக் குடுத்தாக. கடையே அவுகளுதுதான?" என்று கேட்டாள்.

"எங்க அம்மாதான். தவறிட்டாங்க" என்றார் அண்ணன். "கடை அப்பாவோடது. அம்மா சும்மா ஒத்தாசைக்கு வருவாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மகளாகத்தான் இருக்கும் என்று முகத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பாள், நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வந்துவிட்டதா என்று ரோட்டைப் பார்த்தேன்.